வளையாமல் நின்ற கோன்

மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது நான் வேலைக்குத் திரும்பினேன். விருத்தாசலத்திலேயே செராமிக் டிப்ளமோ படித்தவள் நான். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் அதே பீங்கான் பொம்மைக் கம்பெனியில், பொம்மைக்குப் பளபளப்பாகப் பூசும் கிளேஸ் கலந்திருக்கிறேன். "ஒரு மாசம் போய்ப் பாரு. புள்ளைக்கு ஒத்துவரலன்னா நின்னுடு" என்றார் கணவர். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து மாமியார் போனில், "அதுக்கு ஒரு வயசாவது ஆவட்டுமே" என்றார். இருவரும் சொன்னது நியாயமாகவே பட்டது. நான் போவது நியாயமா என்று பஸ் ஏறும்வரை தெரியவில்லை. ஏறிய பிறகும் தெரியவில்லை.

பகலில் மகளைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டு அக்கா. அவருடைய கணவர் துபாயில் இருக்கிறார். "நாலு வளத்தவ நான். அஞ்சாவது ஒரு பாரமா? நீ போயிட்டு வா" என்று பிள்ளையை இடுப்பில் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் சூளைக்குள் சூட்டைக் காட்டும் மீட்டரின் கம்பி எரிந்துபோனது. புதுக் கம்பி சென்னையிலிருந்து வர வேண்டும். புதுச்சேரிக் கடை ஒன்று கேட்டிருந்த யானைப் பொம்மைகள் காத்திருந்தன. முதலாளி என்னைக் கூப்பிட்டார். "மீட்டர் இல்லாத காலத்துல கோன் வெச்சுத்தானே எரிச்சாங்க? நீ படிச்சிருக்க. இந்தச் சூளைய நீயே பாரு."

கோன் என்பது சுண்டுவிரல் நீளத்தில் மூன்று பட்டையாக, நுனி கூர்ந்து நிற்கும் ஒரு சிறு கூம்பு. மூன்று கோன்களை வரிசையாக நட்டுச் சூளைக்குள் வைப்போம். முதலாவது வளைந்தால் நேரம் நெருங்குகிறது. இரண்டாவது வளைந்தால் கேஸை நிறுத்த வேண்டும். மூன்றாவது வளைந்துவிட்டால் சூடு தாண்டிவிட்டது, சரக்கு போச்சு.

இதைக் கண்டுபிடித்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வாழ்ந்த ஒரு ரசாயனப் பொறியாளர். எங்கள் பாடப் புத்தகத்தில் அவருக்கு அரைப் பக்கம். அவருக்கு முன் பெரும்பாலும் நெருப்பின் நிறத்தைப் பார்த்துத்தான் சூளையை நிறுத்தினார்கள். கண் ஏமாந்தால் மொத்தச் சரக்கும் வீண். இந்த நிமிடம் எவ்வளவு சூடு என்பதைவிட, மண் எவ்வளவு சூட்டை எவ்வளவு நேரம் தாங்கியது என்பதே முக்கியம் என்று அவர் கண்டார். அதனால் பொம்மையும் கிளேஸும் எந்தப் பொருள்களால் ஆனவையோ, அதே வகைப் பொருள்களில் கோன் செய்து அதே நெருப்பில் உட்கார வைத்தார். கலவையின் அளவுகளை ஒளிக்கவும் இல்லை. எழுதி வெளியிட்டார், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று.

பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது அவர் எனக்கு ஐந்து மதிப்பெண். மகள் பிறந்து, அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, அதையும் நம்பாமல் இன்னொரு தடவை வைத்துப் பார்த்த நாட்களில்தான் அவரை ஒரு மனிதராக நினைத்தேன். சரியாகத் தெரியவில்லை என்பது அவரையும் தூங்கவிடாமல் செய்திருக்கும்.

சூளை பார்க்கும் அண்ணன் சூடம் காட்டினார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். காலை ஏழு மணிக்குப் பர்னரைப் பற்றவைத்தோம். கோன் செட் ஒன்று சூளைக் கதவில் இருக்கும் ஓட்டைக்கு நேராக இருந்தது. அந்த ஓட்டையைக் கண் என்போம். அதை ஒரு செங்கல் துண்டால் அடைத்திருப்போம். காலேஜ் பழக்கத்தில் இன்னொரு செட்டை நடுத் தட்டில் யானைகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அதைச் சூளை ஆறிய பிறகுதான் பார்க்க முடியும்.

மூன்று மணிக்கு முதல் கோன் வளைந்தது. அதன்பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. கண்ணைத் திறப்பேன், கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன், மூடுவேன். சரியாகப் பார்த்தேனா என்று மறுபடி திறப்பேன். இரண்டாவது கோன் குத்துக்கல்லாக நின்றது.

"இப்படித் தொறந்து தொறந்து மூடுனா அதுக்குச் சளி புடிச்சிக்கும் தங்கச்சி" என்றார் அண்ணன்.

சிரித்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"இப்பத்தான்டி கண்ண மூடுச்சு. போன அடிச்சு எழுப்பி வுட்டுட்ட. இது நாலாவது தடவ."

நாலரைக்குள் வளைய வேண்டிய கோன் ஐந்தரைக்குத்தான் வளைந்தது. கேஸை நிறுத்தினோம்.

இரண்டு நாள் ஆறவிட்டுக் கதவைத் திறந்தபோது யானைகளின் தும்பிக்கைகள் தொங்கிப்போயிருந்தன. கிளேஸ் கால்வழியே ஓடித் தட்டோடு ஒட்டியிருந்தது. முதலாளி சூளைக் கண்ணருகே இருந்த கோன்களைப் பார்த்தார். இரண்டாவது அழகாக வளைந்திருந்தது, மூன்றாவது நிமிர்ந்து நின்றது.

"கோன் சரியாத்தான் இருக்குது. அப்ப பர்னரத்தான் ஏத்தி வெச்சிருக்க" என்று அண்ணன் பக்கம் திரும்பினார்.

"எப்பவும் வெக்கிற அளவுதாங்க."

நான் நடுத் தட்டிலிருந்து மற்ற செட்டை எடுத்தேன். மூன்று கோன்களும் படுத்திருந்தன. நான் கண்ணைத் திறந்த ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து முன்னால் இருந்த கோன்களை மட்டும் குளிர வைத்திருக்கிறது. அவை வளையக் காத்திருந்த ஒரு மணி நேரமும் உள்ளே யானைகள் வெந்துகொண்டிருந்தன. அண்ணன் சொன்ன சளி இதுதான். செட்டைக் கைக்குள் மூடினேன். இதை நான் வைத்தது அங்கே யாருக்கும் தெரியாது. காட்டினால் வேலை போகும். மாமியார் சொன்னது சரியாகிவிடும். காட்டாவிட்டால் பழி அண்ணன் மேல் விழும்.

"தப்பு என்னுதுங்க" என்று கையை விரித்துக் கோன்களைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன்.

முதலாளி கேட்டு முடித்து, "எத்தினி தடவ தொறந்த?" என்றார்.

"எண்ணலீங்க."

"நான் எண்ணுனேன். இருவதுக்கு மேல வுட்டுட்டேன்" என்றார் அண்ணன்.

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. "அடுத்த சூளைய யாரு எரிக்கிறது?"

"இந்தப் பொண்ணே எரிக்கட்டுங்க. இத்தினி வருசமா நான் உள்ள ஒரு செட்டு வெச்சதில்ல. இது வெச்சிருக்குது."

முதலாளி தொங்கிய தும்பிக்கை ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னொரு தடவ. அவ்ளோதான்."

அடுத்த வாரம் கோன்களைக் கண்ணிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி வைத்தேன். அண்ணன் கண்ணுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். "அரை மணிக்கு ஒரு தடவ. அதுவும் நான்தான் தொறப்பேன். அந்தப் போனையும் இப்படிக் குடு."

நாலரைக்கு இரண்டாவது கோன் தலை கவிழ்ந்து நுனியால் அடியைத் தொட்டது. நிறுத்தினேன்.

வீட்டுக்குப் போனபோது அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "உனக்கு என்னாச்சு? ஒரு போன் கூட வரல. நான் பயந்தே பூட்டேன்." மகள் மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினாளாம்.

சூளையைத் திறந்தபோது தும்பிக்கைகள் தூக்கியபடியே இருந்தன. போய்ப் பார்க்கச் சொன்ன அந்த ஒரு மாதம் முடிந்ததைக் கணவர் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.