வால் அறுந்த சொற்கள்

ஆங்கிலச் சொல்லுக்குத் தலை, உடம்பு, வால் என்று மூன்று பாகம் உண்டு என்றுதான் வகுப்பில் ஆரம்பிப்பேன். 'அன்பிலீவபிள்' என்று கரும்பலகையில் எழுதுவேன். 'அன்' தலை, 'பிலீவ்' உடம்பு, 'எபிள்' வால். தலையை வெட்டினால் நம்பமுடியாதது நம்பக்கூடியதாகிவிடும். வாலையும் வெட்டினால் வெறும் நம்பு. பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் பிடிக்கும். எதையாவது வெட்டச் சொன்னால் அவர்களுக்கு எப்போதும் பிடிக்கும்.

என் கணவரும் ஆங்கில ஆசிரியர்தான். ஈப்போவில் அவர் ஒரு பள்ளி, நான் ஒரு பள்ளி. கோழிக்கடைக்காரி மாதிரி பாடம் நடத்துகிறேன் என்று கேலி செய்வார். அவருடைய வகுப்பில் வெட்டு கிடையாது, வேர்தான். ஒரு லத்தீன் வேரை எடுத்து நடுவில் எழுதி, அதைச் சுற்றி முன்னொட்டும் பின்னொட்டும் சேர்த்துப் பலகை நிறைய சொல் வளர்ப்பார். மணி அடித்தாலும் விடமாட்டார். அடுத்த வகுப்பு ஆசிரியர் வாசலில் நின்று தொண்டையைச் செருமவேண்டும்.

அவர் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. சுங்கை சிப்புட்டுக்கு அந்தப் பக்கம் அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிய இடம் இப்போது பாதி செம்பனைத் தோப்பு, பாதி வீடமைப்புப் பகுதி. அந்த வழியாகப் போகும்போது அவர் காரை நிறுத்தியதே இல்லை. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்பார். பாகான் செராயில் இருக்கும் அவருடைய அக்காவைப் பார்க்கப் பழைய சாலையில் போவோம். போகிற வழியெல்லாம் எங்களுக்கு ஒரு விளையாட்டு. ஒருவர் வேரைச் சொல்லவேண்டும், மற்றவர் ஒட்டவேண்டும். 'போர்ட்' என்றால் சுமப்பது. இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட், டிபோர்ட், போர்ட்டபிள். சொல் தீர்ந்துபோனவர் தைப்பிங்கில் பசியாறக் காசு கொடுக்கவேண்டும்.

தோற்கப்போகிறார் என்றால் அவர் புதுச்சொல் உண்டாக்குவார். மீந்துபோன இட்லியை உதிர்த்து உப்புமா ஆக்குவதற்கு அவர் வைத்த பெயர் 'டி-இட்லி-ஃபிகேஷன்'. இது செல்லாது, அகராதியில் இல்லை என்று நான் சண்டைக்குப் போனால் அவர் விடமாட்டார்.

"சுசா மலாய்க்காரங்க சொல்லு. கஷ்டமா இருந்தா நாம சுசாவா இருக்குன்னு சொல்றோம். தப்பாவ் சீனவங்க சொல்லு. சாப்பாட்டப் பொட்டலம் கட்டி வாங்குனா தப்பாவ் பண்ணியாச்சுங்கிறோம். அவங்க வேர்ல நம்ம வால ஒட்டலாம், நம்ம இட்லில இங்கிலீஷ்காரங்க வால ஒட்டக்கூடாதா?"

அதற்குள் தைப்பிங் வந்துவிடும். காசை நான்தான் கொடுப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு காலையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். ஸ்ட்ரோக். மூளையின் இடது பக்கம் என்றார்கள். அதனால் வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் மலாய்ப் பெண், என் மகன் வயதுதான் இருக்கும், அதன் பெயர் 'அஃபேசியா' என்றாள். என் தலை தானாகவே அதை வெட்டியது. 'அ' என்றால் இல்லை. மிச்சம் பேச்சு. நம்மிடமும் அந்த 'அ' இருக்கிறதே, நீதி, அநீதி என்று. இத்தனை வருடம் முன்னொட்டு சொல்லிக்கொடுத்து எனக்குக் கிடைத்த பலன், கெட்ட செய்தியை அடுத்தவர்களைவிடக் கொஞ்சம் முன்னால் புரிந்துகொண்டதுதான். அன்றைக்கு எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. அந்தப் பெண்ணின் நல்ல சிரிப்பு மேல்கூட.

சில வாரங்களில் சில சொற்கள் திரும்பி வந்தன. ஆனால் முழுதாக வரவில்லை. அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். இந்த வகைப் பாதிப்பில் பெரிய சொற்கள் தங்கிவிடுமாம், அவற்றில் ஒட்டியிருக்கும் சின்னத் துண்டுகள் உதிர்ந்துவிடுமாம். தலையசைப்பதையும் நம்பவேண்டாம், ஆம் என்பதற்கு இல்லை என்று அசைப்பார்கள் என்றாள். சொற்களைப் பொறுத்தவரை வேர் நிற்கும், ஒட்டு நிற்காது. ஆயுள் முழுவதும் ஒட்டிக்கொண்டே இருந்த மனிதருக்கா இப்படி வரவேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சொன்னால் அவருக்குப் புரிந்துவிடும். கேட்பதெல்லாம் அவருக்கு நன்றாகவே புரிந்தது.

ஒருநாள் அவள் அவரிடம் ஆங்கிலத்தில், இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் வெகுநேரம் முயன்று, "ஹேப்பி" என்றார். அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எனக்கு அவர் முகம் தெரியும். சம்பள உயர்வு இல்லை என்று தெரிந்த நாளிலும் அந்த முகம்தான். குனிந்து, "அன்ஹேப்பி?" என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். இடது கையால் கட்டிலை ஓங்கித் தட்டினார். அதுதான். 'அன்' வரவில்லை, அவ்வளவுதான். சந்தோஷமும் துக்கமும் அவர் வாயில் ஒரே சொல்லாகிவிட்டன.

அதிலிருந்து எங்கள் பழைய விளையாட்டு வேறு மாதிரி தொடர்ந்தது. அவர் வேரைச் சொல்வார், நான் ஒட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பேன். "கம்ஃபர்ட்" என்பார். கம்ஃபர்ட்டபிளா, டிஸ்கம்ஃபர்ட்டா, அன்கம்ஃபர்ட்டபிளா. சரியானது வந்ததும் கட்டிலைத் தட்டுவார். தலையசைப்பை நம்பமுடியாது, தட்டுவதை நம்பலாம் என்று கண்டுபிடித்தேன். முதுகுக்குக் கீழே போர்வை சுருண்டிருக்கும். அதை இழுத்துவிடுவேன். இப்படியும் ஒரு குடும்பம் நடத்தலாம் என்று பழகிக்கொண்டோம்.

தமிழில்தான் வேடிக்கை. தமிழ் வினைச்சொல்லின் வாலை வெட்டினால் மிஞ்சுவது கட்டளை. வா, எடு, குடு, வை. வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீரைக்கூட "முடிஞ்சா கொண்டு வா" என்று கேட்ட மனிதர், படுக்கையில் கிடந்து எல்லாரையும் அதிகாரம் செய்வதுபோல் ஆயிற்று. பாகான் செராய் அக்கா ஒரு நாள் மீன்குழம்போடு வந்து, ஊர்க்கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். இவர் அவரைப் பார்த்து, "மூடு" என்றார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிட்டார்.

"தம்பி என்னைய வாய மூடுன்னுட்டான் லா" என்று அழுதார். சன்னலில் வெயில் அடிக்கிறது, அதை மூடச் சொல்கிறார் என்று நான் விளக்கியும் அவர் முழுதாக நம்பவில்லை. திரும்பிப் போகும்வரை அதிகம் பேசவும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

எங்களுக்கு ஒரே மகன். ஆஸ்திரேலியாவில் வேலை. செய்தி கேட்டதும் ஓடி வந்தான், விடுப்பை நீட்டினான், மறுபடியும் நீட்டினான். அப்பாவைக் குளிப்பாட்டினான், சவரம் செய்துவிட்டான், சக்கர நாற்காலியில் வைத்துத் தெரு முனைவரை தள்ளிக்கொண்டு போனான். கடைசியில் அங்கிருந்து, வருகிறாயா இல்லையா என்று கேட்டுவிட்டார்கள். வேலையை விட்டுவிட்டு ஈப்போவிலேயே ஏதாவது பார்த்துக்கொள்கிறேன் என்றான். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எனக்கு அவன் இருக்கவேண்டும் என்றுதான் ஆசை. அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்றும் இருந்தது.

"அப்பாகிட்ட கேக்குறேன் மா. அவரு என்ன சொல்றாரோ அதான்" என்றான்.

கேட்பதைத் தள்ளிக்கொண்டே போனான். புறப்படும் நாளும் வந்துவிட்டது. வாசலில் கார் வந்து நின்றது. பெட்டியை ஏற்ற நான் வெளியே போனேன். அப்பா இரு என்று சொன்னால் பெட்டியை இறக்கிவிடலாம் என்றுதான் சொல்லியிருந்தான். ஹாலில் போட்டிருந்த கட்டிலின் இடது பக்கம் சக்கர நாற்காலியும் மேசையும் அடைத்துக்கொண்டிருந்தன. வலது பக்கம் சுவர் ஓரமாகக் கொஞ்சம் இடம். நான் திரும்பி வந்தபோது மகன் அங்கேதான் முழங்காலிட்டு, அப்பாவின் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தான். அவன் முகம் நனைந்திருந்தது.

"நான் போவட்டுமா பான்னு கேட்டேன் மா. போன்னு சொல்லிட்டாரு. தெளிவா சொன்னாரு."

எனக்குப் பெருமையாகவே இருந்தது. பிள்ளையின் வாழ்க்கை கெடக்கூடாது என்று நினைக்கிற மனிதர்தானே. கார் தெருமுனை திரும்பும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்தால் அவர் அழுதுகொண்டிருந்தார். நானும் அழுதேன். பிள்ளை போனால் பெற்றவர்கள் அழமாட்டார்களா?

அதற்குப் பிறகு அவர் பாதிக் கஞ்சிக்கு மேல் குடிப்பதில்லை. அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண் காட்டும் படங்களையும் பார்ப்பதில்லை. சில நாட்கள் போயிருக்கும். ஒரு மத்தியானம் மேசையை நகர்த்திவிட்டு அவருடைய இடது பக்கம் உட்கார்ந்து விரல் நகம் வெட்டிவிட்டேன். முடித்துவிட்டுக் கஞ்சி எடுத்துவர எழுந்தேன். அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போ" என்றார்.

"போறேன். கைய விடுங்க" என்றேன்.

விடவில்லை. வளையல் சதையில் அழுந்தியது. போ, போ என்று சொல்லிக்கொண்டே இருந்தார், சொல்லச்சொல்லப் பிடி இறுகியது. போ என்று விரட்டிக்கொண்டு கையையும் பிடித்துக்கொண்டால் நான் எப்படிப் போவது என்று கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னேன். சொல்லிக்கொண்டே அலுத்துப்போய் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்ததும் பிடி தளர்ந்தது.

சோதித்துப் பார்க்க மறுபடியும் எழுந்தேன். மறுபடியும் பிடித்தார். "போ."

ஆங்கிலம் மறுப்பைப் பெரும்பாலும் தலையில் வைத்திருக்கிறது, அதனால் ஆங்கிலத்தில் எனக்கு உடனே சந்தேகம் வந்தது. தமிழ் அதை வாலில் வைத்திருக்கிறது. 'போவாத' என்று சொல்ல வருகிறவன் முதலில் 'போ' என்றுதான் சொல்லியாகவேண்டும். அதற்குப் பிறகு வருகிற இரண்டு எழுத்தில்தான் மனசு இருக்கிறது. அந்த இரண்டு எழுத்தும் அவருக்கு வராது. மகன் இருக்கட்டுமா என்று கேட்டிருந்தாலும், இரு என்பதும் இருக்கவேண்டாம் என்பதும் இரு என்றுதான் வந்திருக்கும்.

"போவாதன்னா சொல்றீங்க?" என்று கேட்டேன். அவர் என் மணிக்கட்டை விட்டுவிட்டுக் கட்டிலைத் தட்டினார்.

"அவன்கிட்டயும் அதத்தான் சொன்னீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. இடது கையை நெஞ்சின் குறுக்கே கொண்டுபோய், வலது கையைத் தூக்கினார். மகன் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்த கை. எதையும் பிடிக்கமுடியாத கை. கொஞ்ச நேரம் அதைத் தூக்கிப் பிடித்திருந்துவிட்டு, விட்டார். அது படுக்கையில் விழுந்தது. நான் அவர் நெஞ்சில் தலையை வைத்துக்கொண்டு சத்தமாக அழுதேன்.

மகனை அழைத்துச் சொல்லிவிடவேண்டும் என்று முடிவு செய்தேன். சொன்னால் அடுத்த விமானத்தில் வந்துவிடுவான். அவன் பதறாமல் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் அவருக்கு இரண்டாவது தடவை வந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மகனை அழைத்தேன், ஆனால் சொன்னது வேறு செய்தி.

அவன் வந்து கொள்ளி வைத்தான். காரியம் முடியும்வரை இருந்தான். வந்தவர்களையெல்லாம் கவனித்தான். அப்பாவின் துணிகளை மடித்துக் கொடுக்கவேண்டியவர்களுக்குக் கொடுத்தான். ஒருதரம்கூட உடைந்து அழவில்லை. எல்லாரும் போன பிறகு நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றான்.

"மா, அப்பா அன்னிக்கு என்னைய போன்னுதான சொன்னாரு?"

குழாயை மூடினேன். அவன் முகத்தைப் பார்த்தேன். அப்பாவின் தாடை, அப்பாவின் நெற்றி. அவனுக்கு இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது. நான் ஓர் ஆசிரியை, தவறான விடைக்கு ஒருநாளும் மதிப்பெண் போட்டதில்லை.

"ஆமாய்யா. போன்னுதான் சொன்னாரு" என்றேன்.

அப்போதுதான் அவன் அழுதான். ஈரக் கையோடு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவன் அப்பா சொன்ன சொல்லை அப்படியே கொடுத்துவிட்டேன். அவர் சொல்ல வராமல் போன இரண்டு எழுத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.