முதல் ஆளாகப் போட்ட கையெழுத்து

நாடு சுதந்திரம் அடைய ஒரு வருஷம் இருந்த சமயம். மலாக்கா, காஜா பெராங்கில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் ரப்பர் கிடங்கில் நான் மண்டோராக இருந்தேன். மண்டோர் என்றால் கூலியாட்களை மேய்ப்பவன். என் கீழே நாற்பது பேர். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன், இருபத்தெட்டு வயதில் நாற்பது பேரை வேலை வாங்கினேன் என்றால் சும்மாவா? பின்னாளில் சொந்தமாக மூன்று லாரி ஓட்டினேன், புக்கிட் ரம்பாயில் மாடி வீடு கட்டினேன். அதெல்லாம் ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

ஆபீஸ் அரசியல், ஆபீஸ் அரசியல் என்று இன்றைக்கு எல்லாரும் புலம்புகிறார்கள். அன்றைக்கும் அது இருந்தது. எங்கள் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணிகள் இருவர்: பெரிய கிராணி, சின்னக் கிராணி. கிடங்கை நடத்திய வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறப் போகிறார், அவர் நாற்காலியில் உள்ளூர்க்காரர் ஒருவர் உட்காரப் போகிறார் என்று தெரிந்ததும் கிடங்கு இரண்டாகப் பிளந்தது. யார் யாருடன் கோப்பி குடிக்கிறான் என்பதை வைத்தே கட்சி பிரித்துவிடுவார்கள். பெரிய கிராணியின் ஆட்கள் முனைச் சீனன் கடையில். சின்னவர் ஆட்கள் எதிரே இருந்த மாமாக் ஒட்டுக்கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் ஒருவரின் சின்னச் சாப்பாட்டுக் கடையில். நான் என்ன செய்தேன்? வீட்டிலிருந்தே ஒரு டின்னில் கோப்பி கட்டி எடுத்துப் போனேன். யாரோடும் குடிக்கவில்லை. யாரைப் பற்றியும் யாரிடமும் பேசவில்லை. என்னை எவனும் அசைக்க முடியாது என்று மார் தட்டிக்கொண்டேன்.

எனக்கிருந்த ஒரே சிநேகிதர் பாய். கயிறு போட்டுக் கட்டிய ரப்பர்க் கட்டுகளின் மேல் கம்பெனிக் குறியை மையால் எழுதுவது அவர் வேலை. மணி மணியான எழுத்து. நான் பதிவேட்டில் மாதாமாதம் பெருவிரலை அமுக்குவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்.

"என்னா மண்டோரே, நாப்பது பேர அதட்டுறீங்க, ஒரு பேர எழுத வராதா?"

எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார வைத்து எனக்குக் கையெழுத்துப் பழக்கினார். ரப்பர் ஒட்டாமல் இருக்கத் தடவும் வெள்ளைப் பவுடரை ஒரு பழைய ரப்பர் ஷீட்டில் பரப்பி, அதில் விரலால் எழுதச் சொல்வார். தப்பென்றால் உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடியும். இங்கிலீஷ் எழுத்துதான். முடிவில் ஒரு வால் இழுத்து, கீழே இரண்டு புள்ளி வைக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் தன் கையெழுத்தையும் அப்படித்தான் போடுவார். ஒன்பது மாதம் ஆயிற்று. நாங்கள் இதை வெளியே சொல்லவில்லை. பெரிய நாள் ஒன்று வரட்டும், அன்று எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டுவது என்று வைத்திருந்தேன்.

அந்த நாள் வந்தது. சின்னக் கிராணி ஒரு பெரிய தாளோடு என்னிடம் வந்தார். மேல் பாதி வெறுமையாக இருந்தது.

"மண்டோரே, தொரைக்குப் பிரிவு உபசார மடல் குடுக்குறோம். கண்ணாடி போட்டு, பூ வேல எல்லாம் வெச்சு. வாசகத்த டைப் அடிச்சு மேல ஒட்டிடுவோம். நீங்கதான் முதல்ல போடணும். கைநாட்டா இருந்தாலும் பரவால்ல லா."

"கைநாட்டா? பேனாவக் குடுங்க!" என்றேன்.

வாலும் புள்ளியுமாகப் போட்டு நிமிர்ந்தேன். சின்னவர் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்து நான் பூரித்துப் போனேன். என் கண்ணுக்கு அந்தத் தாள் முழுவதும் என் பெயர் மட்டும்தான் தெரிந்தது. "நீங்க போடலயா?" என்று கேட்டேன். "நான் கடைசியா போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஒவ்வொருவரிடமாகத் தாளைக் கொண்டுபோனார். பாயும் போட்டார், மேலே என் பெயரைப் பார்த்துவிட்டுத் தூரத்திலிருந்தே எனக்குக் கட்டை விரலை ஆட்டிக் காட்டினார்.

நான்கு நாள் கழித்து, காலையில் துரை எல்லாரையும் ஆபீசுக்கு முன்னால் வரிசையாக நிற்க வைத்தார். அவர் கையில் அந்தத் தாள். வெறுமையாக இருந்த மேல் பாதியில் நெருக்கமாக டைப் அடித்திருந்தது. பிரிவு உபசாரம் இல்லை. பெரிய கிராணி கூலிகளைக் கேவலமாக ஏசுகிறார், அவரை நீக்காவிட்டால் வேலையை நிறுத்துவோம் என்று மனு. சின்னக் கிராணியின் பெயர் எங்கேயும் இல்லை.

அது, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் என்பதை இந்தக் காலத்து வாசகர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும். வேலை நிறுத்தம் என்று எவன் முதலில் வாயெடுத்தானோ அவனைத்தான் பிடிப்பார்கள். மனுவில் முதல் பெயர் என்னுடையது. எனக்கு மூன்று பிள்ளைகள். குடியிருந்ததோ கம்பெனி வீடு.

துரை மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இது உன் கையெழுத்தா?

"இல்ல தொரை. எனக்கு எழுதத் தெரியாது. நான் கைநாட்டு" என்று சொல்லிவிட்டேன். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். வரிசையாக என் பெருவிரல். நான் போட்டதைக் கண்ணால் பார்த்த சின்னவர் பக்கத்திலேயே நின்றார். மூச்சு விடவில்லை.

அப்படியென்றால் எழுதியது யார்? பெரிய கிராணிதான் குனிந்து பார்த்து, என் பெயரிலும் பாயின் கையெழுத்திலும் ஒரே மாதிரி இருந்த வாலையும் இரண்டு புள்ளிகளையும் விரலால் தொட்டுக் காட்டினார். துரை பாயைக் கேட்டார். பாய் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். அவர் வாயே திறக்கவில்லை. கள்ளக் கையெழுத்துப் போட்டவன் என்று அன்றைக்கே அவரை வெளியே அனுப்பினார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு விழுந்த அடி. மற்றவர்களை விசாரித்தபோது ஒவ்வொருவனும், சின்னவர் பெயரை மட்டும் விட்டுவிட்டு, உள்ளதைச் சொன்னான்: "பிரிவு மடலுன்னு சொன்னாங்க தொரை, போட்டோம்." துரை, வெறும் தாளில் எவனாவது கையெழுத்துப் போடுவானா என்று கத்திவிட்டு வேலைக்குப் போகச் சொன்னார். அவ்வளவுதான். நானும் அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அந்தத் திட்டோடு போயிருக்கும். அப்போதாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரிய கிராணி தப்பித்தார். சின்னவர் கொஞ்ச நாளில் வேறு கம்பெனிக்குப் போய் அங்கே பெரிய கிராணியானார். துரைக்கு உண்மையான மடல் கொடுத்தபோது அதில் நான் பெருவிரலை அமுக்கினேன்.

சுதந்திரம் கிடைத்து, கொடியெல்லாம் கட்டியிருந்த நாட்களில் ஜாலான் பெண்டஹாரா பக்கம் போனேன். ஒரு துணிக்கடை வாசலில் ஏணி மேல் நின்று பாய் பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"என்னா மண்டோரே, பசியாறியாச்சா?"

ஏணிக்குக் கீழே போய் நின்றேன். கடைசியில், "பாய், அன்னிக்கு ஒரு வார்த்த நீங்க சொல்லியிருக்கலாமே" என்றேன். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் கேவலம் எனக்கே உறைத்தது.

பாய் பிரஷ்ஷை நிறுத்தவில்லை. "நீங்க சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். பிரஷ்ஷைச் சாயத்தில் தோய்த்துக்கொண்டே, "வேல போனா போவுது லா. அந்த எழுத்து நல்லாத்தான வந்திருந்துச்சு? அதப் போயி ஒங்களது இல்லன்னுட்டீங்களே" என்றார். பிறகு, "ஏணி ஆடுது, பிடிங்க" என்றார். அவர் பலகையை எழுதி முடிக்கும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறு வருஷம் அந்தக் கிடங்கை விட்டேன். தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் தட்டுத் தடுமாறிப் படித்தேன். இதை என் கையாலேயேதான் எழுதுகிறேன். என் உழைப்பைப் பற்றி இன்னும் எவ்வளவோ சொல்ல முடியும், ஆனால் சொல்லச் சொல்ல இப்போது அலுப்பாக இருக்கிறது. கோப்பி டின்னைச் சுமந்து, வாயைக் கட்டி, இரண்டு கட்சிக்கும் எட்டாமல் என்னைக் காப்பாற்றிக்கொண்டதெல்லாம் சாமர்த்தியம்தான். ஆனால், இன்றைக்கும் வங்கியிலோ நில அலுவலகத்திலோ வாலும் இரண்டு புள்ளியும் வைத்த தாளைத் திருப்பிக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்று யாராவது சாதாரணமாகக் கேட்டால், அங்கே இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, "ஆமா, என்னோடதுதான்" என்று சொல்லிவிடுகிறேன்.