ரினோவின் நெஞ்சுக்கு ஒரு காப்பீடு

ரினோ பெல்லாண்டி இங்ஹாம் ஊர்ச் சர்க்கரை ஆலையில் முப்பத்தெட்டு வருடம் கரும்பு ரயில் ஓட்டியவர். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலி, அவ்வளவுதான். ஊர் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் நான். அதனால் அவர் உடம்பைப் பற்றி அவர் மனைவி வில்மாவுக்கு அடுத்தபடி எனக்குத்தான் அதிகம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்குமே ஒரு மண்ணும் தெரியாது என்பது, எழுபத்திரண்டு வயதில் அவர் வெளிநாடு கிளம்பியபோதுதான் தெரிந்தது.

யார் எப்படிக் கேட்டாலும் ரினோவிடம் ஒரே பதில். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்." முதல் மாரடைப்பு வந்த அன்று நாற்பது பெட்டிக் கரும்போடு வந்துகொண்டிருந்தார். ரயிலை ஆலை வரைக்கும் ஓட்டிவந்து, பிரேக் போட்டு, சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "மத்தியானம் தின்ன சலாமி ஒத்துக்கலபோல" என்று சொல்லி அலுவலகத் தரையில் படுத்துக்கொண்டார். இரண்டாவது மாரடைப்புக்கு அப்புறம் டவுன்ஸ்வில் ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு சின்னப் பெட்டியை வைத்துத் தைத்தார்கள். இதயம் தடுமாறினால் அது உள்ளேயிருந்தே ஒரு உதை கொடுக்கும். பெட்டி போக, தினம் பதினோரு மாத்திரை. அப்புறமும் கல் கல்லாகவே இருந்தது.

இப்படியிருக்கும்போது அவர்கள் ஒரே மகள் தான்யா, பிரிஸ்பேனில் பள்ளிக்கூட ஆசிரியை, மனசே என்ற டோங்காத் தீவுக்காரனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். ஜூலை மாதம், டோங்காவில், மாப்பிள்ளையின் ஊர்த் தேவாலயத்தில். வில்மா அழுதாள். ரினோ அழவில்லை, மூக்கைச் சிந்தினார். மறுநாளே டிக்கெட் போடும் கடைக்குப் போய் இரண்டு பேருக்கும் டிக்கெட்டும் பயணக் காப்பீடும் வாங்கிவந்து மேசைமேல் போட்டார்.

"ரொம்ப மலிவு. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது" என்றார்.

வில்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காப்பீட்டுத் தாளைப் படித்தாள். ஏற்கெனவே உள்ள நோய்கள் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது.

"லினெட், கொஞ்சம் வா" என்று வேலிக்கு மேலாக என்னைக் கூப்பிட்டாள். "இவனுக்கு வியாதியே இல்லையாம். நீ பதினோரு மாத்திரையை யாருக்குடி குடுக்கற?"

"டிக்கெட் கடைப் பொண்ணு, உடம்புக்கு ஏதாவது இருக்கான்னு கேட்டா. அன்னிக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருந்தேன்" என்றார் ரினோ.

"நீ அங்க போய் விழுந்து தொலைச்சா அவங்க இந்தத் தாளைப் பாத்துட்டுச் சிரிப்பாங்க. அப்புறம் உன்னை எப்படிக் கொண்டுவர்றது? என் சூட்கேஸ்லயா?"

"உன் சூட்கேஸ்ல இடம் ஏது? பாதி செருப்புதான் இருக்கும்."

அந்தக் காப்பீட்டை ரத்து செய்தோம். நான் ஒரு தாளில் மாத்திரைகளின் பெயரையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டு போய் அவர்கள் சமையலறையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு காப்பீட்டுக் கம்பெனியாகப் போன் போட்டோம். முதல் கம்பெனிக்காரி 'மாரடைப்பு' வரைக்கும் கேட்டாள். இரண்டாவது கம்பெனி 'பெட்டி'யில் நின்றது. மூன்றாவது இடத்தில் ஒருவன், "ஒரு நிமிஷம் இருங்க" என்று பாட்டுப் போட்டுவிட்டுப் போனான். அந்தப் பாட்டு முடிந்து, மறுபடி முதலிலிருந்து பாடி, தானே அறுந்துபோனது.

நான்காவதாகக் கிடைத்தது, பெரிய வியாதிக்காரர்களுக்கென்றே காப்பீடு தரும் ஒரு சின்ன கம்பெனி. போன் எடுத்தவள் பெயர் கெய்லீன். குரலில் அவசரமே இல்லை. "நிறையக் கேள்வி கேப்பேன் மிஸ்டர் பெல்லாண்டி. உண்மையச் சொல்லிட்டீங்கன்னா பின்னால தொல்லை இல்ல. டீ போட்டு வெச்சுக்கோங்க" என்றாள். எங்களுக்கும் கேட்க வேண்டும் என்று வில்மா போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசை நடுவில் வைத்தாள்.

"படுக்கும்போது எத்தனை தலகாணி வெச்சுப்பீங்க?"

"ஒண்ணு" என்றார் ரினோ.

"மூணு!" என்றாள் வில்மா. "கழுத்துச் சுளுக்குன்னு ரெண்டு வருஷமா மூணு."

கெய்லீன் மெதுவாகக் கேட்டாள். "சுளுக்கா, இல்ல தட்டையாப் படுத்தா மூச்சு முட்டுதா?"

ரினோ டீக்கோப்பையைப் பார்த்தார். "ரெண்டாவதுதான்" என்றார்.

வில்மா நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"மாடிப்படி ஏறும்போது நடுவுல நிக்க வேண்டியிருக்கா?"

எங்கள் பக்கத்து வீடுகளெல்லாம் வெள்ளத்துக்குப் பயந்து தூண்மேல் கட்டியவை. ரினோ வீட்டுக்குப் பதினான்கு படி. தினம் சாயங்காலம் அவர் ஏழாவது படியில் நின்று, மாமரத்தில் வௌவால் வந்திருக்கிறதா என்று வெகுநேரம் பார்ப்பார். நானே என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன்.

"ஏழாவது படியில கொஞ்சம் நிப்பேன்" என்றார்.

"வௌவாலுக்காக நிக்கறேன்னு சொன்னியே!" வில்மா எழுந்தே விட்டாள். "நான் அதுக்காக எழுபது டாலருக்கு வலை வாங்கிப் போட்டேனே பாவி!"

"வௌவாலும் இருந்துச்சு" என்றார் ரினோ.

"போன பன்னெண்டு மாசத்துல எப்பவாவது மயங்கி விழுந்தீங்களா?" ஒரு தடவை, பந்து உருட்டும் பௌல்ஸ் கிளப்பில். பீர் அதிகமாகித் தூங்கிவிட்டதாக வீட்டில் சொன்னது அதைத்தான். "புகை பிடிக்கறீங்களா?" என்று கெய்லீன் கேட்டபோது ரினோ ஏற்கெனவே கலக்கிய டீயை மறுபடி கலக்கினார்.

"தினமும் இல்ல" என்றார் கடைசியில்.

"எங்க வெச்சுப் பிடிக்கற?" என்றாள் வில்மா.

"மேடம், அந்தக் கேள்வி எங்க பட்டியல்ல இல்ல" என்றாள் கெய்லீன்.

"என் பட்டியல்ல இருக்கு!"

ஐம்பது நிமிடம் ஆனது. முடிவில் கெய்லீன் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னாள். இரண்டு விமான டிக்கெட்டையும் சேர்த்தால் வருவதைவிடக் கொஞ்சம் அதிகம். ரினோ, "இந்தக் காசுக்கு ஒரு குதிரையே வாங்கலாம்" என்றார். "குதிரை உன்னை டோங்காலேர்ந்து தூக்கிட்டு வராது" என்று சொல்லி வில்மா வங்கி அட்டை எண்ணைக் கொடுத்தாள். பிறகு கெய்லீன் ஒரு நிபந்தனை போட்டாள். கிளம்பும் நாள் வரைக்கும் உடம்பில் ஏதாவது மாறினால் உடனே அவளுக்குச் சொல்ல வேண்டும்.

அன்று ராத்திரி அந்த வீட்டில் சமைக்கவில்லை. நான் கொஞ்சம் லசான்யா கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். சண்டை பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை.

ஆனால் ரினோவுக்கு என்னவோ ஆகிவிட்டது. வாழ்நாளெல்லாம் மூடி வைத்திருந்த மனுஷன், ஒரு தடவை திறந்ததும் மூடத் தெரியாமல் போய்விட்டார். இரண்டு நாளுக்கு ஒருமுறை கெய்லீனுக்குப் போன். "கெய்லீன், வலது கால் கட்டைவிரல்ல இடிச்சுக்கிட்டேன், குறிச்சுக்கோ." "கெய்லீன், நேத்து ராத்திரி நாலு தடவை எழுந்தேன். தர்பூசணி தின்னேன், அதுவா இருக்குமா?" கடைக்கு வந்து என்னிடமும் சொல்வார். வரிசையில் நிற்பவர்களிடமும் சொல்வார். கெய்லீன் ஒருநாள், "மிஸ்டர் பெல்லாண்டி, கொசுக்கடியெல்லாம் எங்களுக்குச் சொல்ல வேண்டாம்" என்றாளாம். "நீதானே எதையும் மறைக்காதேன்னே?" என்று இவர் கோபித்துக்கொண்டார்.

அப்புறம் உண்மையாகவே சொல்ல வேண்டியது ஒன்று வந்தது. கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது காலில் நீர் கோத்துக்கொண்டது. டவுன்ஸ்வில் டாக்டர் நீர் மாத்திரையை இரட்டிப்பாக்கினார். புதுச் சீட்டை ரினோ என்னிடம்தான் கொண்டுவந்தார். மாத்திரையை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"லினெட், இதையும் அவகிட்ட சொல்லணுமா?"

"தர்பூசணியைச் சொன்னீங்க."

"தர்பூசணிக்கு யாரும் போகாதேன்னு சொல்ல மாட்டாங்க." சீட்டை நாலாக மடித்தார். "அவ வேண்டாம்னுட்டா தான்யா கையை யாரு பிடிச்சுக் கூட்டிட்டுப் போவா?"

அவர் கடைக்கு வெளியே இருந்த பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அங்கேயே போனை எடுத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேசியது மட்டும் தெரிந்தது.

டாக்டரிடமிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதம் போய்ப் பதில் வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் கெய்லீனுக்கு அவர் ஒரு போன்கூடப் போடவில்லை. மூன்றாம் நாள் காலை அவளே கூப்பிட்டாள். போகலாம், விமானத்தில் சக்கர நாற்காலி மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ரினோ வேலிக்கு வந்து, "நாற்காலியாம்! நான் என்ன கிழவனா?" என்று என்னிடம் கத்தினார். சந்தோஷத்தில் கத்தியது அடுத்த தெருவரை கேட்டிருக்கும்.

நானும் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தேவாலயத்தின் நடுப்பாதை நீளமானது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் வந்ததும் ரினோ நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. தான்யா ஏதோ கேட்டாள். "ஒரு நிமிஷம் குடு, மூச்சு வாங்குது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பாடிக்கொண்டிருந்த டோங்காக்காரர்கள் கவலையே படவில்லை. முடித்த பாட்டை மறுபடி எடுத்து, இன்னும் பலமாகப் பாடினார்கள். அவர் போய்ச் சேருவதற்குள் மூன்று தடவை பாடியாகிவிட்டது.

விபத்து விருந்தில் நடந்தது. மணப்பெண் ஆடும்போது சொந்தக்காரர்கள் எண்ணெய் பூசிய அவள் கையில் பணத்தாளை ஒட்டுவது அங்கே வழக்கம். வில்மா ஐம்பது டாலர் நோட்டை எடுத்துக்கொண்டு உற்சாகமாக ஓடியவள், பாய் தடுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு இரண்டாகப் போயிற்று. ரினோ காப்பீட்டின் அவசர எண்ணைக் கூப்பிட்டார்.

"என் பேரு பெல்லாண்டி—" என்று ஆரம்பித்தாரோ இல்லையோ, அந்தப் பக்கம் ஒருத்தி பதறிவிட்டாள். "சார், படுத்துக்கோங்க, பேசாதீங்க! பக்கத்துல யார் இருக்காங்க? நெஞ்சுவலி எப்ப ஆரம்பிச்சுது?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா!"

"அப்படித்தான் சொல்வீங்கன்னு இதுல எழுதியிருக்கு சார்!"

"விழுந்தது என் பொண்டாட்டி! கை ஒடிஞ்சுபோச்சு!"

அதைப் புரியவைக்கப் பத்து நிமிடம். அப்புறம் அவள் வில்மாவைப் பற்றிக் கேட்டாள். எந்த மருந்து ஒத்துக்காது? என்ன மாத்திரை சாப்பிடுகிறாள்? இதற்கு முன் ஏதாவது ஆபரேஷன்? ரினோ ஒவ்வொரு கேள்விக்கும் விழித்தார். நாற்பத்தாறு வருடம் கூடவே இருந்தவருக்கு, அவளுக்குப் பென்சிலின் ஆகாது என்பதே தெரியவில்லை. பாயில் கிடந்த வில்மா, வலியில் முகம் சுளித்தபடி, "போனை இங்க குடுடா முட்டாளே" என்று வாங்கித் தானே எல்லாம் சொன்னாள்.

ஆக்லாந்துக்குக் கொண்டுபோய் மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். செலவெல்லாம் அந்தக் காப்பீட்டிலேயே போயிற்று. ரினோவின் நெஞ்சுப் பெட்டி அந்தப் பத்து நாளில் ஒரு உதைகூட உதைக்கவில்லை.

ஊருக்கு வந்தபிறகு ஆறு வாரம் வில்மாவால் வலது கையைத் தூக்க முடியவில்லை. அவளுக்குத் தலைமுடி சுருள் சுருளாக இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு உருளை வைத்துச் சுருட்டிவிட்டுப் போவாள். அந்த வேலையை ரினோ ஏற்றுக்கொண்டார். ஜன்னல் வழியாக எனக்குத் தெரியும். வில்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், ரினோ வாயில் நாலு கொண்டை ஊசியைக் கவ்விக்கொண்டு பின்னால் நிற்பார்.

"இறுக்காதே! அது என் தலை, ரயில் பெட்டி இல்ல."

"ஆடாம இரு, கழண்டுக்கும்."

முதல் ஞாயிறு வில்மா தேவாலயத்துக்குள் வந்தபோது, தலையின் ஒரு பக்கம் படுத்துக் கிடந்தது, மறுபக்கம் கூரையைத் தொடப் பார்த்தது. பாதிரியார் ஒரு கணம் பிரசங்கத்தை நிறுத்தினார். ரினோ பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, யாராவது ஏதாவது சொல்லட்டும் பார்க்கலாம் என்பதுபோல் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பாதிரியார் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.