பாஸ்கலை வெளியே எடுத்த கங்காணி

ஆசீர்வாதம் கங்காணி ஏன் கால்பந்தை விட்டார் என்று சக்குபள்ளத்து ஏலத்தோட்டத்தில் கேட்டால், ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். முட்டி வலி என்பார்கள், மனைவியின் நச்சரிப்பு என்பார்கள். ஒன்றும் உண்மையில்லை. ஒரே ஓர் இறுதி ஆட்டத்தோடு விட்டார்.

எழுபத்து நான்காம் வருடம், அவர் பழக்கிய தோட்டத்து அணி முதல்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தது. வந்தது பாஸ்கலின் காலால். அது எல்லோருக்கும் தெரியும், ஆசீர்வாதத்துக்கும் தெரியும். அதுதான் அவரை அரித்தது.

பாஸ்கல் தற்காலிகக் கூலி. காய் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. கோப்பை வந்தால் அவனுக்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் நிரந்தர வேலை என்று மானேஜர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அவன் மனைவி பிலோமிக்கு அப்போது ஏழாம் மாதம்.

ஆட்டத்தின் முதல் பாதியிலேயே பாஸ்கல் ஒரு கோல் போட்டான். மைதானம் முழுக்க அவன் பேச்சுதான். முடியக் கால் மணி நேரம் இருக்கையில் ஆசீர்வாதம் அவனை வெளியே கூப்பிட்டுத் தடுப்பாட்டக்காரன் சுவக்கீனை இறக்கினார். இருக்கிற கோலைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அது மட்டுமா? கங்காணியின் மூளையால் ஜெயித்தோம் என்று நாலு பேர் பேசவேண்டும் என்ற நப்பாசையும் இருந்தது.

"கங்காணி, அவன எடுக்காதேயும்!" என்று கூட்டம் கத்தியது. கத்தக் கத்த அவருக்கு வீம்புதான் ஏறியது.

அதுவரை பாஸ்கலையே ஒட்டிக்கொண்டிருந்த எதிரணிக்காரர்கள் இருவரும் இப்போது கை வீசி முன்னே வந்தார்கள். பத்தே நிமிடத்தில் இரண்டு கோல் விழுந்தது. கோப்பை போயிற்று.

மானேஜர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். "என்ன கங்காணி, அவனை எதுக்கு வெளியே எடுத்தே?"

என் தப்பு சார் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆசீர்வாதத்தின் வாயில் வந்தது வேறு. "அவனாத்தான் வந்துட்டான் சார். கால் வலிக்கி, முடியாதுன்னுட்டான்."

தூரத்தில் நின்ற பாஸ்கலை மானேஜர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "கொஞ்சம் வலிச்சா ஓடி வர்றவன் ஸ்டோருக்கு எதுக்கு?" என்றார். வேலை வேறொருவனுக்குப் போனது.

அதன்பின் மூன்று நாள் ஆசீர்வாதம் ஆபீஸ் படி வரை போய்ப் போய்த் திரும்பினார். உண்மையைச் சொல்லியிருந்தால் உத்தியோகம் போயிருக்காது, முகம்தான் போயிருக்கும். மனுஷன் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டார். வீட்டுக்கு வந்து வெட்கங்கெட்டவனே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். திட்டுவதற்கென்ன, காசா பணமா?

இரண்டு மாதம் கழித்துப் பாஸ்கல் வீடு தேடி வந்தான். "அண்ணே, பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. ஞானஸ்நானத்துக்கு நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும்."

அவருக்கு உடம்பு கூசியது. "நான் எதுக்குப்பா? வேற நல்ல ஆளாப் பாரு."

"உங்களவிட யாருண்ணே? அன்னைக்கு மானேஜர்கிட்ட எனக்காக நீங்க கெஞ்சிக்கிட்டு நின்னத நான் பாத்தேன்ல. வேல கெடைக்காட்டி போகுது. எனக்குன்னு பேச ஒரு ஆளு இருந்தீகளே, அது போதும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரி, வாரேன்" என்றுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிலோமி பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். "பாவத்தை விட்டுவிடுகிறீர்களா?" என்று சாமியார் கேட்டார். பெற்றவர்கள் இருவரும் பதில் சொன்னார்கள். ஆசீர்வாதத்துக்கு உதடுதான் அசைந்தது, சத்தம் வரவில்லை. பாசத்தில் மனம் இளகிவிட்டார் என்று பாஸ்கல் நினைத்துக்கொண்டான்.

"சத்தமாச் சொல்லுங்கண்ணே," என்று காதோரம் சொன்னான்.

"விட்டுவிடுகிறேன்" என்றார் ஆசீர்வாதம், அவனுடைய பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல்.