முந்தி ஊதியவன்

இதைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். சிவசம்பு கோபித்துக்கொள்ள மாட்டார். கோபப்பட அவரிடம் தெம்பு மிச்சமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். 1934ஆம் வருடம், மார்கழி மழையில், மலாயாவில் குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், விளக்கு வைக்கும் நேரத்தில் நடந்தது. இதில் ஒரு சொல்கூடக் கைச்சரக்கு இல்லை.

சிவசம்பு யாழ்ப்பாணத்துக்காரர். குளுவாங்கில் நில அளவை அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அவரைப் பிடித்த ஒரே பைத்தியம் கார். அதையும் யார் யாரோ ஓட்டித் தேய்த்த பிறகு வாங்கியிருந்தார். மழை பெய்தால் அதன் துணிக்கூரை ஒழுகும். வெயில் அடித்தால் ரேடியேட்டர் கொதிக்கும். மழையும் வெயிலும் இல்லாத நாளில் டயர் பஞ்சராகும். “இந்தக் காரிலை ஏறி இருந்த நேரத்தைவிட இறங்கி நிண்ட நேரம்தான் கூட” என்று அவர் மனைவி யோகம் சொல்வாள். அவர் மறுத்துப் பேசுவதில்லை. மறுக்க ஒன்றும் இல்லை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை என்றால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தக் காரின் அடியில்தான் படுத்துக் கிடப்பார். அடுத்த வீட்டுக்காரர் வந்து நின்றால் போதும், காருக்கடியில் இருந்தபடியே பாடம் நடத்துவார். அவர் ஒருபோதும் விடாத பாடம் ஹேண்டில் பாடம். எஞ்சினைக் கிளப்ப முன்னால் குனிந்து இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். சில நேரம் அது திருப்பி உதைக்கும். அதனால் கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். வளைத்துப் பிடித்தால் விரல் போய்விடும். இதை அவர் சொல்லிக் கேட்காதவர்கள் குளுவாங்கில் குறைவு.

அந்த மழைக்காலத்தில் காரின் மின்சார ஹாரன் நனைந்து ஊமையாகிவிட்டது. பத்து பாகாட் என்ற ஊரில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த சீனத் தவுக்கேயிடம் போய் ஒரு பித்தளை ஹாரன் வாங்கி வந்தார். பின்னால் கறுப்பு ரப்பர் பந்து. அமுக்கினால் ‘பாஆம்...’ என்று தொடங்கி, முடியும்போது ‘க்ஹ்’ என்று இருமும். அந்த இருமல் அவருக்குப் பிடித்திருந்தது. தன் கதவுக்கு வெளியே, கைக்கெட்டும் இடத்தில் பூட்டிக்கொண்டார்.

மெர்சிங் சாலையில் ஒரு மரப்பாலம் இருந்தது. ஒரு கார்தான் போகலாம். இரண்டு முனையிலும் வளைவு. இந்தப் பக்கம் நிற்பவனுக்கு அந்தப் பக்கம் தெரியாது. அதனால் ஓட்டுபவர்கள் தங்களுக்குள்ளே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். யார் முந்தி ஹாரன் ஊதுகிறாரோ அவர் முதலில் வருவார். மற்றவர் நிற்க வேண்டும். வெள்ளைக்கார துரையானாலும் நிற்க வேண்டும். இந்த மரியாதையை மீறியவனைப் பற்றிக் குளுவாங் முழுக்கப் பேசுவார்கள். சிவசம்பு ஒருநாளும் மீறியதில்லை.

யோகத்தின் அண்ணன் கதிரேசுவின் பிள்ளைக்குத் தொட்டில் போட இருவரும் மெர்சிங் போனார்கள். போகும்போது அந்தப் பாலத்தில் சிவசம்பு பந்தை அமுக்கினார். சத்தம் வரவில்லை. வெறும் காற்று. மறுபடி அமுக்கினார். காற்றுதான். பாலத்தைத் தாண்டிய பிறகு அமுக்கினால் நன்றாகவே ஊதியது. ‘தூசி அடைத்திருக்கும்’ என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார்.

திரும்பி வரும் வழியில் யோகத்துக்கு முறைக்காய்ச்சல் வந்துவிட்டது.

ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் அவளைப் பிடித்து உலுக்கும் அதே காய்ச்சல்தான். ஆனால் இந்த முறை கடுமை. பல் கிட்டியது. கம்பளிக்குள் சுருண்டு நடுங்கினாள். கையில் கொயினா மாத்திரை இல்லை. கூரையோ ஒழுகியது. வழியில் டயர் வேறு ஒரு தடவை போய், மழையில் முழங்காலிட்டு ஒட்டுப் போட்டு ஏற்றியிருந்தார். சிவசம்புவின் முதுகு விட்டுப்போயிற்று. திரும்பிப் போவதும் தூரம், முன்னே போவதும் தூரம். பாலத்தைத் தாண்டிவிட்டால் குளுவாங் ஆஸ்பத்திரி. அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

பாலத்தின் வளைவுக்கு வந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அவர் பந்தின் மேல் கை வைத்தார். இன்னும் அமுக்கவில்லை.

முன்னாலிருந்து ஹாரன் கேட்டது.

பாஆம்...

அவர் காரை நிறுத்தினார். முந்தி ஊதியவன் வரட்டும் என்று ஓரம் கட்டினார்.

யாரும் வரவில்லை. மழைச் சத்தம். கீழே ஆற்றுச் சத்தம். இரண்டு பக்கமும் காடு.

“ஏன் நிக்கிறியள்?” என்றாள் யோகம்.

“ஆரோ முந்தி ஊதிப்போட்டான். வரட்டும்.”

பாஆம்...

மறுபடியும். ஆனால் விளக்கு வெளிச்சம் இல்லை. எஞ்சின் சத்தம் இல்லை. ஒரு கார் அந்தப் பக்கம் நின்றால் மரங்களில் கொஞ்சமாவது வெளிச்சம் படும். அங்கே ஒன்றும் படவில்லை.

“வாறான் எண்டால் வரட்டுமே. எனக்குக் குளிருது...”

“கொஞ்சம் பொறும், யோகம்.”

அவர் பொறுத்தார். எரிச்சலோடு பொறுத்தார். எவனோ ஒருவன் ஊதிவிட்டு அங்கே சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு நிற்கிறான் என்று நினைத்தார். பக்கத்தில் அவளுக்கோ உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது என்று கியரைப் போட்டார்.

எஞ்சின் ஒரு தடவை குலுங்கி நின்றுவிட்டது.

சிவசம்புவுக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்லலாம், ஆண்பிள்ளைக்கு அழுகைதான் வந்தது. ஹேண்டிலை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். முன்னால் குனிந்தார். கட்டை விரலை ஒதுக்கி வைத்துச் சுழற்றினார். கிளம்பவில்லை. சுழற்றினார். திருப்பி உதைத்தது. கை தோள்வரை விறைத்தது.

பாஆம்... க்ஹ்.

குனிந்தவர் அப்படியே நின்றார்.

அந்த இருமல்.

அது அவருடைய ஹாரன்.

“நீரோ அமத்தினீர்?” என்று கத்தினார்.

“இல்லை... இஞ்சேருங்கோ, அது வாறவன்ர சத்தமில்லை. ஆரோ கூப்பிடுகினம்.”

“காய்ச்சலிலை உளறாதையும்.”

சுழற்றினார். தவளைச் சத்தம் நின்றுவிட்டதை அப்போதுதான் கவனித்தார். எப்போது நின்றது என்று தெரியவில்லை.

“கையை விடுங்கோ” என்றாள் யோகம் உள்ளேயிருந்து. “உங்கட கை சில்லெண்டு கிடக்கு.”

அவர் காருக்கு முன்னால் நின்றார். இரண்டு கையும் ஹேண்டிலில் இருந்தது.

காய்ச்சல், என்று தனக்கே சொல்லிக்கொண்டார். காய்ச்சல்தான்.

பாஆம்...

இந்தத் தடவை பாலத்தின் அந்தப் பக்கத்திலிருந்து இல்லை. நடுவிலிருந்து. இல்லை... நடுவில், கீழேயிருந்து. தண்ணீர் மட்டத்திலிருந்து.

“ஆரது?”



மெதுவாக நிமிர்ந்தார். தன் ஹாரனைப் பார்த்தார்.

ஓட்டுநர் கதவின் வெளியே, மழை வழிய வழிய, பந்து தொங்கியது. உப்பலாக இருந்தது. யாரும் தொடவில்லை.

பிறகு ரப்பரில் ஒரு பள்ளம் விழுந்தது.

அதன் பக்கத்தில் இன்னொன்று.

இன்னொன்று.

இன்னொன்று.

விரல் விரலாக. மெதுவாக. பலம் இல்லாத ஒரு கை கஷ்டப்பட்டு அமுக்குவதுபோல...

பாஆ... ஆம்... க்ஹ்.

பந்து திரும்ப உப்பவில்லை. பிடித்தபடியே இருந்தது.

அவர் கத்தினாரா என்று அவருக்கே தெரியாது. கதவைத் திறந்தது தெரியும். யோகத்தின் மேல் விழுந்து அவளைக் கட்டிக்கொண்டது தெரியும். தேவாரம் சொல்ல வாயெடுத்தார். முதல் சொல்லே வரவில்லை.

அப்படியே எவ்வளவு நேரம் இருந்தார்களோ.

பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. உண்மையான வெளிச்சம். உண்மையான எஞ்சின். மெர்சிங் பக்கமிருந்து ஒரு லாரி, பின்புறம் முழுக்கப் பலகை. சாலை வேலை பார்க்கும் ஆட்களின் தலைவரான மண்டோர் காளியப்பன் குதித்து இறங்கி ஓடிவந்தார்.

“அலமாக்! ஐயா, நல்லவேளை நின்னுட்டீங்க! பாலம் நடுவுல போச்சுங்க. மத்தியானமே ஆத்துத் தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. தடுப்பு வைக்கத்தான் ஓடியாறோம்.”

சிவசம்பு பாலத்தைக் காட்டினார். “அந்தப் பக்கம்... ஒரு கார் நிக்குது. ஹாரன் ஊதினவன்.”

“இல்லீங்களே. அந்தப் பக்கம் மத்தியானமே மறிச்சாச்சு. குளுவாங்லேர்ந்து ஒரு சைக்கிள்கூட வர முடியாது.”

காளியப்பன் காருக்குள் குனிந்தார். காய்ச்சல்காரியைப் பார்த்தார். அவளைத் தூக்கி லாரியின் முன்னால் உட்கார வைத்தார்கள். மெர்சிங் ஆஸ்பத்திரிக்கே திரும்பினார்கள். அன்றிரவு தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று மருந்து கொடுத்த டிரஸ்ஸர் சொன்னார். காரோடு ஆற்றில் போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள். இதைச் சிவசம்பு யாரிடமும் சொல்லவில்லை. பந்தைப் பற்றியும் சொல்லவில்லை. கிராணி ஐயாவுக்குப் பைத்தியம் என்று ஊர் பேசும்.

மழை விட்டுப் பாலம் சரியான பிறகு காரை எடுக்கப் போனார். காளியப்பன் அங்கேதான் வேலையில் நின்றார். காரைச் சுற்றி வந்தவர் ஹாரனுக்கு முன்னால் நின்றுவிட்டார். பித்தளை வாயில் இருந்த ஒரு ஈய ஒட்டைத் தடவினார்.

“இது எங்க வாங்கினீங்க ஐயா?”

“பத்து பாகாட்டிலை.”

“இந்த ஒட்டு நான் வச்சதுங்க. இது நம்ம லெட்சுமணன் ஹாரன். வாடகைக் கார் ஓட்டினான். போன வருஷ மழையில இந்தப் பாலத்திலேர்ந்துதான் விழுந்தான்.”

சிவசம்பு பாலத்தின் ஓரம் போய்க் குனிந்து பார்த்தார்.

“விழுந்ததும் சாகலீங்க” என்றார் காளியப்பன். “கால் மாட்டிக்கிச்சு. மார் வரைக்கும் தண்ணி. ஹாரனை அமுக்கிக்கிட்டே இருந்திருக்கான். கார் வந்துச்சுங்க. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ஒண்ணு. எல்லாருக்கும் ஹாரன் கேட்டுச்சு. எதிரே ஆள் வருதுன்னு மரியாதையா நின்னாங்க. நின்னு நின்னு பார்த்துட்டு, யாரும் வரலைன்னு திரும்பிப் போயிட்டாங்க. யாரும் இறங்கிக் கீழ பார்க்கல. தண்ணி ஏறிருச்சு.”

கீழே ஆறு தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் அளவுகூட இல்லை.

“சத்தமும் பெருசா வந்திருக்காதுங்க, பாவம். அவனால அழுத்தி அமுக்க முடியாது. அதுக்கு முந்தின வருஷம் ஹேண்டில் உதைச்சு வலது கட்டை விரல் போயிருச்சு. நாலு விரலாலதான் எல்லாம்.”

காளியப்பன் தன் கையை மடக்கிக் காட்டினார். கட்டை விரலை மறைத்துக்கொண்டு, நாலு விரலால் காற்றைப் பிடித்தார்.

சிவசம்பு பந்தைப் பார்த்தார். ஒரு பக்கத்தில் நாலு பள்ளம், இன்னும் மறையாமல் இருந்தது. அவர் விரலால் மறுபக்கத்தைத் தடவினார். வழவழவென்று இருந்தது. அங்கே எதுவும் அழுந்தவே இல்லை.

ஹாரனைக் கழற்றிக் காளியப்பன் கையில் கொடுத்தார். வேண்டியதைச் செய்யுங்கள் என்றார். எங்களைத் தடுத்தானா, இல்லை கூப்பிட்டானா? குளுவாங் வரும் வழியெல்லாம் அதையே யோசித்தார். விடை தெரியவில்லை. அதை யோசிக்கும் தெம்பும் போகப் போகக் குறைந்தது.

வீட்டுக்கு வந்தபோது, முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த யோகம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். முகம் தேறியிருந்தது. இவளிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டே அவர் கால் சப்பாத்தைக் கழற்றினார்.

“கையைக் காட்டுங்கோ” என்றாள் அவள்.

“ஏன்?”

“காட்டுங்கோவன். இப்பதான் ஞாபகம் வந்தது.”

நீட்டினார். அவள் அவருடைய வலது கட்டை விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிம்மதியாகச் சிரித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. அண்டைக்கு ஹேண்டில் அடிச்சு விரல் போட்டுதோ எண்டு பயந்துபோனன். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தியளெல்லே... நாலு விரல்தான் பட்டது.”