ஹெலேனாவின் மாளிகையும் நான் இருந்த கதிரையும்

உங்களுக்கு வேறு வேலை இல்லையா, பிள்ளையள்? இந்த வேலைக்குப் புதிதாக வந்த நீங்கள், வயதானவர்களைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது இடுப்பைக் காப்பாற்றுவது எப்படி என்று கேட்டால் சொல்லித் தரலாம். நீங்கள் கேட்பது அடுத்த வீட்டுக் கதை. "அன்ரி, அந்த மாளிகையில என்ன நடந்தது?" என்று பிரேக் நேரத்தில் கோப்பையோடு வந்து நிற்கிறீர்களே, வெட்கமாக இல்லையா? சரி, இருங்கள். சொல்லாவிட்டால் எனக்கும் சோறு செமிக்காது. சம்பந்தப்பட்டவர் போய்ச் சேர்ந்துவிட்டார். போவதற்கு முன் மகனிடம் எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொல்லியும்விட்டார். அதனால்தான் என் வாயைத் திறக்கிறேன்.

ஹெலேனாவுக்கு எண்பத்தெட்டு வயது. கிளென்ஃபீல்டில் முதியோருக்கான வரிசை வீடுகளில் ஒன்றில் தனியாக இருந்தார். நான் நகரத்தின் மறுகோடியில், மவுண்ட் வெல்லிங்டனிலிருந்து பஸ் மாறிப் போய் அவரைப் பராமரிக்கிற கெயார்கிவர். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அவருடைய இங்கிலீஷும் வந்த இடத்தில் பொறுக்கியதுதான். இரண்டு உடைசலையும் ஒட்டினால் ஒரு முழுப் பேச்சு வரும். அவரும் மற்றவர்களும் பேசியதை எனக்கு விளங்கினபடி எங்கள் தமிழிலேயே சொல்கிறேன்.

அக்கம்பக்கத்தில் அவருக்குச் 'சீமாட்டி' என்று பெயர். செக் நாட்டில் மலைமேல் ஒரு கோட்டை இருக்கிறது. சண்டைக்குக் கட்டிய அதை ஒரு பிரபு குடும்பம் பிறகு மாளிகையாக மாற்றிக்கொண்டு பரம்பரையாக இருந்தது. ஹெலேனா அங்கே பிறந்து, பத்து வயதில் நாட்டைவிட்டு வந்தவர். ஆகவே பிரபு வீட்டுப் பிள்ளை. இதை ஊருக்குச் சொன்னது அவருடைய கணவர். கணவருக்குப் பிறகு மகன் பீற்றர். ஹெலேனா சொல்லி நான் கேட்டதில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் பிஸ்கட் தட்டை நீட்டுவார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நான் கட்டில் விரித்து முடித்ததும் அவர் வோக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து, பெட்சீற்றின் மூலையை இழுத்து மடித்து, உள்ளங்கை விளிம்பால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். இத்தனை வருடம் மோட்டலிலும் ரெஸ்ட் ஹோமிலும் கட்டில் விரித்தவள் நான். அது வேலை பழகின கை.

பீற்றர் ஒருநாள் மூன்று பிளேன் டிக்கெட்டோடு வந்தார். அம்மாவுக்கு மாளிகையைக் காட்டப் போகிறாராம். மூன்றாவது டிக்கெட் எனக்கு. நான் அன்றைக்கே சூட்கேஸை இறக்கி முறுக்கும் அடைத்துவிட்டேன். ஹெலேனா மட்டும் முதலில் இடுப்பு வலி என்றார், பிறகு தலைச்சுற்று என்றார், கடைசியில் பக்கத்து வீட்டுப் பூனைக்கு யார் சாப்பாடு வைப்பது என்று கேட்டார். பீற்றர் விடவில்லை.

ஹெலேனாவை வீல்செயாரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்க் கோட்டையைக் கண்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எங்கள் தெருவையே உள்ளே வைத்துப் பூட்டலாம், அவ்வளவு பெரிய வாசல். உள்ளே போகச் சப்பாத்துக்கு மேல் பெரிய கம்பளிச் செருப்பு ஒன்று தந்தார்கள். பழைய மரத்தரை கீறுப்படாமல் இருக்கவாம். நடக்க நடக்கத் தரை தானாகத் துடைபடுகிறது. டிக்கெட்டுக்குக் காசும் வாங்கி, மொப்பும் அடிப்பிக்கிறார்கள். இந்த மூளை எங்கள் சூப்பர்வைசருக்கு வரவில்லையே என்று சிரித்துக்கொண்டே எல்லா அறையையும் துடைத்தேன்.

மாடிப்படியில் வந்தது தடை. சுற்றிக்காட்டிய பெண் கையை விரித்தாள். "மன்னிக்கோணும், வீல்செயார் மேல போகாது." பீற்றரின் முகம் விழுந்தது. அப்போது ஹெலேனா, தன்னை மறந்தவர்போல, பூப்போட்ட சுவரைக் காட்டித் தன் பாஷையில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் ஒரு கணம் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தாள். சுவரோடு சுவராக ஒரு கதவு. உள்ளே வாளி, மொப், பிறகு மேலே போகும் ஒடுக்கமான சரிவுப் பாதை.

"இது எங்கட ஆக்களுக்கே வேலைக்கு வந்து கன நாளைக்குப் பிறகுதான் தெரியும்," என்றாள் அவள்.

"அம்மான்ர வீடெல்லோ," என்றார் பீற்றர். ஆள் ஒரு சாண் உயர்ந்துவிட்டார்.

அவர்கள் இருவரும் படியால் போக, நான் வீல்செயாரைத் தள்ளிக்கொண்டு சரிவில் ஏறினேன். பாதி வழியில் ஹெலேனா நிற்பாட்டச் சொன்னார்.

"என்ர அம்மா உடுப்புக் கூடையை இதாலதான் இழுத்துக்கொண்டு போறவ. பிரபு வீட்டு ஆக்கள் சாப்பிடப் போற நேரம் நாங்கள் ஓடிப்போய்ச் சீற் மாத்திப்போட்டு வந்திடவேணும். அவையின்ர கண்ணில படக்கூடாது."

"எனக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"உங்கட பெட்சீற் மூலை சொன்னது."

"பீற்றருக்கும் தெரிஞ்சிருக்குமோ?"

"ஆம்பிளையளுக்குப் பெட்சீற்றில மூலை இருக்கிறதே தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. "அவனுக்கு நான்தான் சொல்லவேணும். ஆனா இஞ்ச வேண்டாம். சுத்திக்காட்டிற அந்தப் பிள்ளைக்கு முன்னால அவன் வெக்கப்பட்டு நிக்கக்கூடாது."

மேலே கதவைத் திறந்தால், பீற்றர் ஒரு படத்துக்கு முன்னால் மூக்குக்கண்ணாடியோடு நிற்கிறார். அந்தக் குடும்பம் கடைசியாகச் சேர்ந்து எடுத்த படம். கீழே எல்லாருடைய பெயரும் இருந்தது.

"அம்மா, இதில நீங்கள் ஆர்?"

"நான் பார்த்துச் சொல்லுறன்," என்று அந்தப் பெண் குனிந்து, இடது பக்கத்திலிருந்து ஒவ்வொரு பெயராக விரலை வைத்துக்கொண்டு வந்தாள். ஹெலேனாவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. விரல் பாதிப் பெயர்களைத் தாண்டிவிட்டது.

இந்த நேரத்தில் என்ன செய்வதென்று, எங்கள் வேலைகளை வரிசையாக எழுதித் தரும் கெயார் பிளானில் யாரும் எழுதித் தர மாட்டார்கள். பக்கத்தில் சிவப்புக் கயிற்றுக்கு அந்தப்புறம் பிரபுவின் வெல்வெட் கதிரை இருந்தது. நான் கயிற்றைத் தாண்டிப் போய், சேலையை ஒதுக்கிக்கொண்டு அதில் ஏறி இருந்தேன்.

பத்து ஆம்புலன்ஸ் ஒன்றாக வந்ததுபோல அலாரம் அடித்தது. இரண்டு காவல்காரர் கம்பளிச் செருப்போடு சறுக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"எழும்புங்கோ, இருநூறு வருசத்துக் கதிரை," என்றாள் அந்தப் பெண்.

"எனக்கும் முழங்கால் அவ்வளவு பழசு, பிள்ளை. நிக்க ஏலாமல் இருந்திட்டன்."

எங்களை வெளியே கூட்டிக்கொண்டுபோய் விட்டார்கள். பீற்றர் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். படத்தை எல்லாரும் மறந்துபோனார்கள். காரில் ஹெலேனா என் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். ஹோட்டல் வரைக்கும் நிறுத்தவில்லை.

மகனிடம் சொல்ல அவருக்கு இன்னும் நாலு மாதம் எடுத்தது. அதற்கு முன்பே, நாங்கள் திரும்பி வந்த கிழமையே, கிளென்ஃபீல்டில் அக்கம்பக்கத்துக் கிழவிகள் கேக்கோடு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். உண்மையிலேயே அது அவருடைய மாளிகைதானா என்று கேட்டார்கள்.

நான் தேத்தண்ணியை ஊதிக்கொண்டு சொன்னேன்: "எனக்கென்ன தெரியும்? ஆனா அந்த வீட்டில அவவுக்குத் தெரியாத கதவு இல்லை. சாவி வைச்சிருந்தவளுக்கே அவதான் வழி காட்டினவ. நான் போய்க் கதிரையில இருந்தன், கலைச்சுப்போட்டாங்கள்."