ஜமேக்காப் படத்தில் கிரிக்கெட் இல்லை

டென்மார்க்கில் எங்கள் ஹேர்னிங் நூலக வாசலில் அந்தச் சுவரொட்டியைக் கண்டதும் எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. 'ஜமேக்கா' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒரு ஒழுங்கையில் நாலைந்து பொடியன்கள் நிற்கிற படம். ஒருவன் கையில் பலகைத் துண்டு மாதிரி ஏதோ இருந்தது. கீழே சின்ன எழுத்தில் டேனிஷில் நிறைய எழுதியிருந்தது. அதையெல்லாம் யார் வாசித்தார்கள்? யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு ஜமேக்கா என்றால் வெஸ்ட் இண்டீஸ், வெஸ்ட் இண்டீஸ் என்றால் கிரிக்கெட். நேராக வீட்டுக்குப் போய், கிரிக்கெட் படம் போடுகிறார்கள், வியாழக்கிழமை போகிறோம் என்று என் மனுசனிடம் சொல்லிவிட்டேன்.

காரணம் இருந்தது. ஊரில் போர் முடிந்த வருடம் அது. மே மாதத்துக்குப் பிறகு இவர் தொழிற்சாலைக்குப் போவார், வருவார், கதிரையில் இருப்பார், அவ்வளவுதான். அதற்கு முதல் ஆளைப் பிடிக்க முடியாது. எந்த மண்டபத்தில் என்ன விழா நடந்தாலும் ஒலிவாங்கி இவர் கைக்கு வந்துவிடும். வந்தால் லேசில் திரும்பிப் போகாது. "இன்னும் கொஞ்சம் பொறுங்கோ, விடிஞ்சிடும்" என்று இவர் முழங்குவது, சமையலறையில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நிற்கிற பெண்களுக்கு எண்ணெய்ச் சட்டியின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். கைதட்டலும் கேட்கும். ரோல்ஸ் ஆறிப்போகிறதே என்று எங்களுக்குக் கவலையாக இருக்கும்.

இவருடைய தங்கை, என் மச்சாள், வன்னியிலிருந்து பிள்ளைகளோடு உயிர் தப்பி முகாமுக்கு வந்திருந்தாள். அவளுடைய புருசன் வரவில்லை. முகாமில் யாருடையதோ கைத்தொலைபேசியிலிருந்து எங்களுக்கு ஒரு மிஸ் கோல் கொடுப்பாள்; நாங்கள் தொலைபேசிக் கார்ட் போட்டுத் திருப்பி எடுக்க வேண்டும். மணி ஒருதரம் அடித்து நின்றதும் இவர் எழும்பிக் குளியலறைக்குள் போய்விடுவார். "நீர் கதையும்" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

"அண்ணை நிக்கிறாரோ?" என்று மச்சாள் ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"வேலைக்குப் போட்டார்" என்பேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரமும் வேலைக்குப் போகிற அண்ணை! அவளுக்கு விளங்காமலா இருக்கும்?

ஒருநாள் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றே கேட்டேன். "ஏனப்பா, கூடப் பிறந்த தங்கச்சியோடை கதைக்க உங்களுக்கு என்ன வந்தது?"

"விடிஞ்சிடும் எண்டு இஞ்சையிருந்து கத்தினவன் நான். அவளுக்கு இப்ப என்னத்தைச் சொல்லுறது?"

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. மாதாமாதம் காசு அனுப்புகிறார், உடுப்புப் பொதி கட்டுகிறார். குரலை மட்டும் அனுப்பமாட்டார். இவரை எப்படியாவது அந்தத் தொலைபேசியைத் தூக்க வைக்க வேண்டும் என்பதே அப்போது என்னுடைய ஒரே கவலை. அதற்கு முதலில் ஆளைக் கதிரையிலிருந்து கிளப்ப வேண்டும். கிரிக்கெட் என்றால் கிளம்புவார்.

கிளம்பினார். மேற்சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். நூலகத்தின் பின்னறையில் தலைநரைத்த டேனிஷ்காரர்கள் கொஞ்சப் பேர் கோப்பியும் கறுவா பணிஸுமாக இருந்தார்கள். நூலகப் பெண்மணி எழும்பி, வியாழன்தோறும் ஒரு படம் என்று சொல்லிவிட்டு, ஜமேக்கா சினிமா காட்டும் சமூகம், அடையாளம், ஆண் பெண் உறவு என்று தொடங்கினார். நான் வாசிக்காமல் விட்ட சின்ன எழுத்தில் இருந்தது இதுதான்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு துவக்கு வந்து சுட்டது. பிறகு இன்னொரு துவக்கு.

"எங்கையப்பா மட்டை?" என்று இவர் காதுக்குள் கேட்டார்.

"பொறுங்கோ, வரும்."

வரவேயில்லை. பொடியன்கள் ஒழுங்கை முடக்கில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். பெண்கள் தண்ணீர் அள்ளினார்கள், பிள்ளைகளைக் கட்டியணைத்தார்கள், பிறகு செத்தவர்களைக் கழுவினார்கள். எனக்குப் பிடித்தது அவர்களுடைய பேச்சு. இங்கிலீஷ்தான், ஆனால் இங்கிலீஷ்காரனுக்கே கீழே எழுத்துப் போட்டுத்தான் விளங்குமாம். எவனுக்கும் விளங்காவிட்டால் போகட்டும் என்று தங்கள் வாயால் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். மெட்ராஸ் படங்களில் எங்களுடைய தமிழ் சிரிப்புக்கு மட்டும் தலைகாட்டிவிட்டுப் போவது நினைவுக்கு வந்து எரிச்சலாகவும் இருந்தது.

காரில் நல்ல ஏச்சு விழும் என்று நினைத்தேன். விழவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இவர், "அந்தப் பெடியன் நடந்த நடையைக் கவனிச்சீரே? நான் மேடைக்கு ஏறுற மாதிரியெல்லே கிடக்கு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். மே மாதத்துக்குப் பிறகு நான் கண்ட முதல் சிரிப்பு அது. அடுத்த வியாழன் கார்த் திறப்பை விரலில் ஆட்டிக்கொண்டு அவரே வந்து நின்றார்.

அன்றைய படத்தில் கிழங்கு விற்கிற ஒரு சந்தைக்காரி. மூன்று பிள்ளைகள், தகப்பன்மாரில் ஒருத்தரும் வீட்டில் இல்லை. லண்டனில் இருக்கிற தமையன் வருடத்துக்கு ஒருமுறை பெரிய பீப்பா நிறையச் சவர்க்காரம், தகரத்தில் அடைத்த ரின்மீன், சப்பாத்து என்று அனுப்பிவைப்பான்; ஒரு வரிக் கடிதம் இராது. அவள் அதைச் சந்தையில் பரப்பி வைத்து, "வாங்கோ, வாங்கோ, ஊமைத் தமையன் அனுப்பின சாமான்!" என்று கூவி விற்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாய்விட்டுச் சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். இவர் சிரிக்கவில்லை.

இரவானதும் அந்தச் சந்தைக்காரி பளபளவென்று உடுத்திக்கொண்டு தெருவில் இடுப்பை ஆட்டி ஒரு ஆட்டம் ஆடினாள். படம் முடிந்ததும் அதைப் பற்றித்தான் விவாதம். அது பெண்ணின் விடுதலையா, ஆண்களுக்கான காட்சியா என்று ஒரு பெரியவர் கேட்டார். வயோதிபர் இல்லத்தில் கட்டில் கட்டிலாகக் குனிந்து வேலை செய்கிற எனக்குப் பொறுக்கவில்லை. "நாள் முழுக்கக் குனிந்து கிழங்கு விற்றவள். அவளுக்கு முதுகு உளைகிறது, நிமிர்ந்து ஆடுகிறாள்" என்று என் அரைகுறை டேனிஷில் சொன்னேன். நூலகப் பெண்மணிக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அப்போது பக்கத்தில் இவர் எழும்பினார். போச்சுடா, இனி அரை மணித்தியாலம் பேச்சுத்தான் என்று நினைத்தேன்.

"அந்த அண்ணனை ஏன் ஒருமுறைகூடக் காட்டவில்லை?" என்று டேனிஷில் கேட்டார்.

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றார் நூலகப் பெண்மணி.

"அவனுக்கு வெட்கம்" என்றார் இவர். சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். யாரோ கோப்பி ஊற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி ஒருதரம் அடித்து நின்றது. நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தபோது இவர் குளியலறைப் பக்கம் போகாமல், கார்ட்டைச் சுரண்டி இலக்கம் அழுத்திக்கொண்டிருந்தார். இரண்டு தரம் பிழைத்துத்தான் மூன்றாம் தரம் போனது.

"நான்தான், அண்ணை" என்றார்.

அந்தப் பக்கத்தில் மச்சாள் தொடங்கினாளே ஒரு தொடக்கம்! சொற்கள் விளங்காவிட்டாலும் குரல் குசினிவரை கேட்டது. இவர் "ஓம்" என்றார். பிறகும் "ஓம்" என்றார். இடையில் "ஓம், நான் செய்தது பிழைதான்" என்றார். ஒரு பெண் பேச இவர் குறுக்கே விழாமல் கேட்டதை என் கலியாண வாழ்க்கையில் அன்றுதான் கண்டேன். கார்ட்டில் காசு தீர்ந்து தொடர்பு அறுந்த பிறகும் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"நல்லா ஏசினவள்" என்றார், புறங்கையால் முகத்தைத் துடைத்தபடி. "இன்னும் ஏச்சு மிச்சம் கிடக்காம். ஓடிப்போய் இன்னொரு கார்ட் வாங்கிக்கொண்டு வாரும்."